சந்தேகம் என்றால் எட்டு

அவருடைய முழுப்பெயர் என் 1992ஆம் ஆண்டு டைரியில், பிப்ரவரி 3, திங்கட்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. பயிற்சி ஹாலில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவர் மேடம். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எனக்கு முப்பத்தைந்து. பல்லாவரம் பக்கம் நான் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த தொழிற்சாலையை முந்தைய ஆண்டு பூட்டிவிட்டார்கள். அதனால் இருபது வயதுக்காரர்களோடு சேர்ந்து டைப் அடிக்கப் பயிற்சிக்கு வந்திருந்தேன். முதல் நாளே என்னைப் பார்த்து "வாங்க சார்" என்றார். கடைசிவரை சார்தான். பயிற்சி கொடுப்பவர் பயிற்சிக்கு வந்தவனை சார் என்று அழைப்பது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. கீழே பாத்திரக்கடை. மேல் மாடிகளில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டு நூலகங்களும் நகராட்சிகளும் தங்கள் பழைய காகிதங்களை நகலெடுத்துப் பெட்டி பெட்டியாக விமானத்தில் அனுப்பும். அவற்றை நாங்கள் டைப் செய்து ஃபிளாப்பியில் ஏற்றித் திருப்பி அனுப்புவோம். இதற்கெல்லாம் பிற்பாடு பெரிய பெயர்கள் வந்தன. அப்போது வீட்டில் கேட்டால் 'டைப்பிங் வேலை' என்போம்.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும். ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக டைப் செய்வார்கள். பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். வேறுபாடு இருந்தால் அந்த இடத்தில் யாரோ ஒருவர் தப்பு. வேறுபாடு இல்லையென்றால் சரி. இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மேல் அந்தத் தொழிலே நின்றது. எழுத்து தெளிவாக இல்லையென்றால் கேள்விக்குறி போட வேண்டும் என்பது விதி. ஆனால் பயிற்சியின் ஒரு மாதத்தில் வேறுபாடுகளை எண்ணுவதுபோலக் கேள்விக்குறிகளையும் எண்ணினார்கள். கடைசி வெள்ளிக்கிழமை ஒரு தேர்வு. எண்ணிக்கை அதிகமானால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு வேறு வார்த்தை கிடையாது. 'அனுப்பிட்டாங்க' என்பார்கள், அவ்வளவுதான்.

மேடத்தின் பேட்சிலிருந்து யாரையும் அனுப்பியதில்லை. நான் சேர்ந்தபோதே அது பெயர்பெற்ற விஷயமாக இருந்தது. மற்ற பயிற்சியாளர்கள் இரண்டு பேர் வந்துபோனார்கள். அவர்களின் பேட்சில் நான்கு பேர், ஆறு பேர் என்று போவார்கள். இவருடையதில் சேர்ந்தவர் எல்லோரும் தேறினார்கள்.

அவர் பார்த்துச் சொல்லிக் கொடுப்பவர் அல்ல, கேட்டுச் சொல்லிக் கொடுப்பவர். நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால், செருப்பில்லாத காலோடு, கையில் ஒரு மர ஸ்கேலை வைத்துக்கொண்டு நடப்பார். தூசி வரக்கூடாது என்று எல்லோருமே செருப்பை வாசலில் விட்டுவிடுவோம். குளிரூட்டிய அறையில் தரை சில்லிடும். சில பெண்கள் காலுறை கொண்டுவந்தார்கள், அவர் போடமாட்டார். இருபது விசைப்பலகைகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது அதில் ஒன்று நின்றால் அவருக்குத் தெரியும். நேராக அந்த நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "நிக்காதீங்க. நின்னா கணக்குல வரும்" என்பார். இதை ஒரு நாளில் நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

நான் அடிக்கடி நின்றேன். காரணம், நான் படித்தேன். சிறு வயதிலிருந்தே எனக்கு இந்த நோய் உண்டு. கடைப் பலகையில், பாலத்தின் கைப்பிடியில், கிணற்றுச் சுவரில் எங்கே ஆண்டு எழுதியிருந்தாலும் நின்று குறித்துக்கொள்வேன். எங்களுக்கு வந்த முதல் வேலை ஏதோ ஒரு நூலகத்தின் பழைய அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புத்தகத்தின் பெயரும் வெளிவந்த ஆண்டும். டைப் செய்வதை விட்டுவிட்டு, யார் இந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஸ்கேல் என் நாற்காலியின் முதுகில் இரண்டு முறை தட்டும்.

"படிக்கறீங்க சார்."

"இல்ல மேடம்."

"படிக்கறீங்க. சத்தம் கேக்கல. படிக்கறதுக்கு வீட்டுல லைப்ரரி வெச்சுக்கோங்க. இங்க பாருங்க, அடிங்க."

மூன்றாவது வாரம் என் கணக்கு மோசமாக இருந்தது. அட்டைகளில் மை வெளுத்துப்போய், 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குக் கேள்விக்குறி போடுவதுதான் நேர்மையாகப் பட்டது. ஒரு நாளில் நாற்பது போட்டேன். அன்று மாலை எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னை நிறுத்தினார். வெளுத்த மையில் 8இன் ஒரு பக்கம் அழிந்து 3 போலத் தெரியலாம், ஆனால் 3 தானாக வளர்ந்து 8 ஆகாது என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தேகம்னா எட்டு. யோசிக்காதீங்க, எட்டு போட்டுட்டுப் போய்க்கினே இருங்க. பக்கத்துல அடிக்கறவங்களும் அதான் போடுவாங்க" என்றார்.

அதுதான் ரகசியம். எல்லோருக்கும் ஒரே விதி. 1க்கும் 7க்கும் ஒன்று, எழுத்துகளுக்குச் சில. இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வேறுபாடு வராது. வேறுபாடு வராவிட்டால் யாரையும் அனுப்ப முடியாது. மார்ச் 6ஆம் தேதி நான் தேறினேன். என் குடும்பம் அடுத்த ஐந்தாண்டுகள் சாப்பிட்டது அந்த எட்டினால்தான். இதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

ஏன் இப்படி என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒருமுறை மதியச் சாப்பாட்டின்போது அவராகவே சொன்னார். அவர் முதலில் சேர்ந்தது மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில். இருபத்தெட்டாவது நாள் அனுப்பிவிட்டார்கள். பெருங்களத்தூரில் வீடு. வீட்டில் சொல்ல முடியவில்லை. "காலைல டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு கிளம்பிடுவேன். தாம்பரத்துல ரயில் ஏறி பீச் ஸ்டேஷன், பீச்லேர்ந்து தாம்பரம். சாயங்காலம் வரைக்கும். சீசன் டிக்கெட் முடியற வரைக்கும் போனேன் சார். அப்புறம் முடிஞ்சிடுச்சி, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு மோர்மிளகாயை எடுத்து எனக்கு ஒன்று வைத்தார். எத்தனை நாள் என்று கேட்டேன். தேதி கேட்பது என் வழக்கம். "ஒம்பது நாள்" என்றார். எண்ணி வைத்திருந்தார்.

பயிற்சிக்கு வராமல் நின்றவர்களைத் தேடிப் போவார். ஒரு சனிக்கிழமை அகரம்தென் வரை சைக்கிளில் போய், ஸ்டெல்லா என்ற பெண்ணைக் கூட்டிவந்தார். இது 1995 ஜூலை. நான் அதற்குள் சோதனைப் பிரிவுக்கு மாறியிருந்தேன்; கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் மேசை, அந்தப் பக்கம் பயிற்சி ஹால். ஸ்டெல்லாவின் அப்பா கல் குவாரியில் வேலை செய்து கால் உடைந்து வீட்டோடு இருந்தார். ஸ்டெல்லாவுக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காகிதத்தைப் பார்ப்பாள். வாயில் மட்டும் ஒரு குறையும் இல்லை. மேடம் பின்னால் வந்து நின்றால், "மேடம், நீங்க நின்னாதான் என் கை நிக்குது. நீங்க நடங்க, நானும் நடக்கறேன்" என்பாள்.

அந்த ஆகஸ்டில் வந்த பெட்டிகள் ஒரு வெளிநாட்டு நகரத்தின் கல்லறைப் பதிவேடுகள். பெயர், வயது, புதைத்த நாள். சில பக்கங்களில் மட்டும் பிறந்த ஆண்டும் இருக்கும். பயிற்சியின் கடைசி வாரங்களில் உண்மையான வேலையைக் கொடுத்துப் பழக்குவது வழக்கம். அதனால் மேடத்தின் பேட்சில் இருந்த இருபத்திரண்டு பேரும் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

14ஆம் தேதி, திங்கட்கிழமை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "மேடம், இன்னா ஊரு இது? செத்த பசங்க எல்லாத்துக்கும் எட்டு வயசாவே கீது. எட்டு ஆனா கொன்னுடுவாங்களா?"

ஹால் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு ஸ்கேலைத் தட்டினார். நான் சிரிக்கவில்லை.

என் மேசையில் இருந்த பக்கத்தை எடுத்தேன். பிறந்த ஆண்டு 1871. புதைத்த ஆண்டு 1874. வயது எட்டு. இரண்டு பேர் அடித்திருந்தார்கள், இரண்டு பேரும் எட்டு. கம்ப்யூட்டர் சரி என்றது. மூலத்தைப் பார்த்தேன். இந்தப் பதிவேட்டில் மை வெளுக்கவில்லை. ஊறிப் பரவியிருந்தது. திறந்திருந்த மூன்றுகளெல்லாம் மூடிக்கொண்டு எட்டுகளாகியிருந்தன. பழைய விதி தலைகீழாகிவிட்டது. விதியைச் சொன்னவர் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் சுதந்திர தின விடுமுறை. புதன்கிழமை காலை இன்னொரு பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். மூன்று வயதில் அநேகமாக யாருமே சாகாத ஊர். பதின்மூன்று பதினெட்டாகியிருந்தது, முப்பத்துமூன்று முப்பத்தெட்டாகியிருந்தது. பிறந்த ஆண்டு இருக்கும் பக்கங்களைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம். இல்லாத பக்கங்களில் மூலத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளின் வேலை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. மூன்றாவது பெட்டி வியாழன் மாலை விமானத்தில் போக வேண்டும்.

மதியம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் மேடத்திடம் காகிதங்களைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். அவர் எதையாவது படித்து அன்றுதான் பார்த்தேன். கீழே ஒரு மின்சார ரயில் போனது.

"என் தப்புதான்" என்றார். "மையைப் பாத்திருக்கணும்."

நான் இன்று அறிக்கை எழுத வேண்டும் என்றேன்.

"எழுதுங்க. வேணாம்னு சொல்லல. வெள்ளிக்கிழமை டெஸ்ட். முடிஞ்சி, இருபத்திரண்டு பேருக்கும் ஆர்டர் கைல குடுத்துடுவாங்க. சாயங்காலம் எழுதுங்க. நானே வந்து ஒத்துக்கறேன்."

மூன்றாவது பெட்டி நாளை போய்விடுமே என்றேன்.

"போகட்டும் சார். பெட்டியத் திருப்பி வாங்கிக்கலாம். இவங்கள அனுப்பிட்டா திருப்பி வாங்க முடியுமா? அந்த ஸ்டெல்லாவ நான்தான் போய் கூட்டினு வந்தேன்." கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, "அவங்க செத்து நூறு வருஷம் ஆவுது. ரெண்டு நாள் பொறுக்கமாட்டாங்களா?" என்றார்.

அறிக்கைத் தாளில் பிழையைக் கண்ட தேதி என்று ஒரு கட்டம் உண்டு என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை எழுதினால் அதில் என்ன போடுவது?

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபம் இல்லை. என் விசைப்பலகை நின்றுபோனபோது பார்ப்பாரே, அந்தப் பார்வை. "பதினெட்டுன்னு போடுங்க சார்" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கீழே வந்து உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்துக்கு நேரே பேனாவை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு தேதியைத் தெரிந்தே மாற்றி எழுதியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான். 16-8-1995 என்று எழுதினேன். ஐந்து மணிக்கு அறிக்கை மேலாளர் மேசைக்குப் போனது.

மறுநாள் காலை மேலாளர் பயிற்சி பெறுகிறவர்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, எட்டு போடச் சொன்னது யார் என்று கேட்டார். நான் அங்கே காகிதங்களோடு நின்றிருந்தேன். முதல் பையன், "யாரும் சொல்லல சார், நாங்களா போட்டோம்" என்றான். இரண்டாவது பெண்ணும் அதையே, அதே சொற்களில் சொன்னாள். ஸ்டெல்லாவும் அதையேதான் சொன்னாள், தலையைச் சாய்த்துக்கொண்டு, வழக்கமான வாய் இல்லாமல். பத்தாவது ஆளுக்குமேல் மேலாளர் சிரித்துவிட்டார். "இதக் கம்பேர் பண்ணா ஒரு மிஸ்மேட்ச்கூட வராது" என்றார் என்னிடம்.

அப்போது மேடம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "அவங்கள விடுங்க சார். நான் சொன்னதுதான்" என்றார்.

மூன்று மணிக்கு அவர் போய்விட்டார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஸ்கேல் ஹாலிலேயே கிடந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கையை எப்போது எழுதினேன் என்று அவருக்குத் தெரியும்.

வேறு கிளையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள். பழைய விதிகளையெல்லாம் மறக்கச் சொல்லி, நான்கே நாளில் தேர்வு வைத்தார். கை சொன்னபடி கேட்குமா? எட்டுப் பேரை அனுப்பினார்கள். பெயர்கள் ஆகஸ்ட் 23ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கின்றன. ஐந்தாவது பெயர் ஸ்டெல்லா. என்னைச் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கினார்கள். மேலாளர் கைகுலுக்கினார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரு நாள் விடுப்பு. காலை பத்தரை மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். எதிர் நடைமேடை பெஞ்சில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ் வைத்த பை. ஒரு ரயில் வந்து போயிற்று, அவள் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. தலையைச் சாய்த்து, போகிற பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் சொன்ன ஒன்பது நாள் நினைவுக்கு வந்தது. படியேறி அந்தப் பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. என் ரயில் வந்ததும் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு மேடத்தை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். 1999 அக்டோபர் 7, வியாழக்கிழமை. கேளம்பாக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் முகப்பில் ஆண்டு செதுக்கியிருப்பதாக யாரோ சொன்னார்கள். குறித்துவரலாம் என்று தாம்பரத்தில் பஸ் ஏறினேன். பெண்கள் இருக்கையின் கடைசியில் அவர் இருந்தார். பின் இருக்கை காலி. உட்கார்ந்த பிறகுதான் அவர் என்று தெரிந்தது. முன்நெற்றியில் நரை. கண்டிகையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார். மாற்றுச் சான்றிதழ் எழுதும் வேலை. கையால்தான்.

நான் விஷயத்துக்கு வர முடியாமல் பெருங்களத்தூர் வரை ஏதேதோ பேசினேன். அவரே ஆரம்பித்தார். முகத்தைத் திருப்பவில்லை, காதும் கன்னமும்தான் எனக்குத் தெரிந்தன.

"உங்களால தேதி மாத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் கேட்டேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஏதோ சொன்னேன். பஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்குப் போகிற கூட்டம் இறங்கியது. பஸ் திரும்பி கேளம்பாக்கம் சாலையில் ஓட ஆரம்பித்ததும் கேட்டார்.

"அந்த பேட்ச்ல எத்தன பேர அனுப்பினாங்க? நான் யார்கிட்டயும் கேக்கல. கேக்கப் பயமா இருந்துது. நீங்க எழுதி வெச்சிருப்பீங்க."

எழுதி வைத்திருந்தேன். பார்க்கவே வேண்டாம், எட்டுப் பெயரும் வரிசையாக மனதில் இருந்தன.

"மூணு பேர்" என்றேன்.

"யாரு யாரு?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டில் மூன்று பேரை அந்த நிமிடத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முருகன் என்றேன். கலைவாணி என்றேன். கொஞ்சம் நின்று, தேவகுமார் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்ற இடமும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"அப்ப ஸ்டெல்லா?"

"ஸ்டெல்லா பாஸ் மேடம்."

முதல்முறையாக முழுதும் திரும்பி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டிகையில் இறங்கினார்.

அன்றைய டைரிப் பக்கத்தில் பஸ் ஏறிய நேரம், அவர் இறங்கிய நேரம், கேளம்பாக்கத்துக் கட்டடத்தின் ஆண்டு எல்லாம் இருக்கின்றன. நான் சொன்ன எண்ணை எழுதவில்லை. எழுதியிருந்தால் பக்கத்தில் சரியான எண்ணையும் எழுத வேண்டியிருந்திருக்கும்.